மட்குதலும் அழுகுதலும்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் கருமிளகு மூட்டைகளை அடுத்து வெண்மிளகும் விற்பனைக்கு இருப்பதைக் காணலாம். இரண்டும் ஒரே கொடியில் விளைபவை. முற்றிய காயைத் தோலுடன் வெயிலில் உலர்த்தினால் கருமிளகு; கனிந்து சிவக்கத் தொடங்கிய பழத்தின் தோலை நீக்கி உலர்த்தினால் வெண்மிளகு. அத்தோலைக் கத்தி கொண்டு உரிப்பார் எவருமிலர். பழங்களைச் சாக்கில் கட்டி, ஓடும் நீரில் 7 முதல் 10 நாள் வரை ஊறவிடுவர். பின்னர்க் கையால் பிசைந்து அலசினால் தோல் தானே கழன்றுவிடும்.

உரித்தவர் யார்? நீரிலும் பழத்தோலிலும் வாழும் பாக்டீரியாக்களே அவ்வேலையைச் செய்தவை. தாவரத்தின் உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பசை போன்ற பொருளுக்குப் பெக்டின் என்று பெயர். பாக்டீரியாக்கள் அப்பசையைக் கரைத்து உண்கின்றன. பசை போனதும் தோல் பிரிகிறது. உள்ளிருக்கும் விதை கடினமானது. அதனை அவை எளிதில் தொட இயலாது. எனினும் சாக்கை எடுக்க வேண்டிய நாளில் எடுக்காமல், தேங்கிய நீரிலேயே விட்டுவிட்டால் நாற்றம் மிளகில் ஏறி, விலை குறைந்துவிடும். எந்த உயிர் உழைக்கிறது, எதனை உண்கிறது, அதற்குக் காற்றும் நீரும் எவ்வளவு கிடைக்கின்றன, எப்போது நிறுத்த வேண்டும் என்னும் நான்கு கேள்விகளும் இச்சிறு தொழிலில் அடங்கியுள்ளன. ஒரு நகரத்தின் குப்பையை ஆராய்வோரும் இவற்றையே கேட்டாக வேண்டும்.

இயற்கையில் இறந்த பொருளைச் சிதைத்து அதன் மூலப்பொருள்களை மண்ணுக்கும் காற்றுக்கும் திருப்பித் தரும் உயிர்களைச் சிதைப்புயிர்கள் என்கிறோம். பாக்டீரியாக்களும் பூஞ்சணங்களும் இவற்றுள் தலையாயவை. தாவரம் காற்றிலிருந்து கரியமிலவாயுவையும், மண்ணிலிருந்து நைட்ரஜன், பாஸ்வரம், சாம்பற்சத்து முதலியவற்றையும் கடனாகப் பெறுகிறது. அக்கடன் திரும்பாவிடில் மண் விரைவில் வறண்டுபோகும். காட்டில் எவரும் எருவிடாமலே மரங்கள் தலைமுறை தலைமுறையாகத் தழைத்து நிற்பது, உதிர்ந்த இலையின் கணக்கை இவ்வுயிர்கள் ஆண்டுதோறும் தீர்த்துவைப்பதனாலேயே.

இவற்றுக்கு வாயுமில்லை, வயிறுமில்லை. நொதிகள் என்னும் பொருள்களைத் தம் உடலிலிருந்து வெளியே கசியவிட்டு, உணவை வெளியிலேயே கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கின்றன. நம் வயிற்றுக்குள் நிகழும் செரிமானம் இவற்றுக்கு உடலுக்குப் புறத்தே நிகழ்கிறது எனலாம். எனவே நீரின்றி இவை செயலற்றுப்போகும். கருவாடும் வற்றலும் கெடாமலிருப்பதன் காரணம் இதுவே. மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் நன்குலர்ந்த மிளகு நெடுநாள் தாங்குவதும், மழைக்காலத்தின் ஈரம் ஏறிய மூட்டையில் பூஞ்சணம் பூப்பதும் இதே விதிப்படிதான்.

எல்லாக் கழிவும் ஒரே வேகத்தில் சிதைவதில்லை. சர்க்கரையும் மாவுப்பொருளும் முதலில் தீர்ந்துபோகும். புரதமும் அவற்றுக்குப் பின்தங்குவதன்று; கோடைவெயிலில் மீன்தலை ஒருநாளில் அடையும் நிலையை அனைவரும் அறிவர். அடுத்து வருவது செல்லுலோஸ். காகிதம், பருத்தித்துணி, வைக்கோல் ஆகியவற்றின் பெரும்பகுதி இதுவே. இதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். எல்லாவற்றுக்கும் கடைசியாக நிற்பது லிக்னின். மரத்துக்கும் தேங்காய்மட்டைக்கும் வலிமையைத் தருவது அது. அதன் மூலக்கூறு ஒழுங்கற்ற முறையில் பின்னிக் கிடப்பதால், பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு அது எட்டாக்கனி. வெண்மட்கல் பூஞ்சணங்கள் எனப்படும் சில காளான் இனங்களே அதனைத் திறம்படக் குலைக்க வல்லவை. அவற்றுக்கும் பிராணவாயு இன்றியமையாதது. இறாலின் ஓட்டிலுள்ள கைட்டின் என்னும் பொருளும் எளிதில் கரையாதது. ஆயினும் கடலில் நாள்தோறும் கணக்கற்ற இறாலும் நண்டும் ஓடு கழற்றுவதால், அதனையே உணவாகக் கொள்ளும் பாக்டீரியாக்கள் அங்கு நிறைய உண்டு. இறால் பதனிடும் தொழில் மிகுந்த கொச்சியில் அவ்வோடுகள் குவிகின்றன. 1957-இல் கொச்சியில் நிறுவப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், அவற்றிலிருந்து கைட்டினையும் கைட்டோசனையும் பிரித்தெடுக்கும் முறையை வகுத்தளித்தது. குப்பைக்குப் போக வேண்டியது இவ்வாறு பண்டமாயிற்று.

நுண்ணுயிர்களுக்கு முன்னோடிகளாகப் பல சிற்றுயிர்கள் வேலை செய்கின்றன. மண்புழு, மரவட்டை, கறையான், வண்டு, ஈப்புழு, காயற்கரையின் நண்டு ஆகியவை கழிவைக் கடித்துத் துண்டாக்குகின்றன. இதன் பயனைக் கணக்கால் உணரலாம். பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் உள்ள ஒரு கனசதுரத்தின் புறப்பரப்பு 600 சதுர சென்டிமீட்டர். அதனையே 1 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் மொத்தப் பரப்பு 6,000 சதுர சென்டிமீட்டராகும். பத்துமடங்கு பரப்பில் நொதிகள் வேலை செய்யலாம். வாழைத்தண்டை முழுதாக எறிவதற்கும் நறுக்கிப் போடுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இனி, காற்றின் இடத்தைப் பார்ப்போம். இக்கட்டுரையின் முதன்மையான செய்தி இதனைப் பற்றியதே. தமிழில் மட்குதல், அழுகுதல் என இரு சொற்கள் உள. பேச்சில் இவை கலந்து வழங்கினும், இங்கு வசதிக்காகக் காற்றுடன் நிகழும் சிதைவை மட்குதல் எனவும், காற்றின்றி நிகழ்வதை அழுகுதல் எனவும் பிரித்துக்கொள்வோம்.

மட்கும்போது கரிப்பொருள் பிராணவாயுவுடன் சேர்ந்து கரியமிலவாயுவாகவும் நீராகவும் மாறுகிறது. மிகுந்த வெப்பம் வெளிப்படுகிறது. நெருப்பில் விறகு எரிவதற்கும் இதற்கும் முடிவில் வேறுபாடு இல்லை, வேகத்தில்தான் வேறுபாடு. எஞ்சும் கருநிறப் பொருளே மட்கு. நல்ல மட்கில் மழை பெய்த மண்ணின் மணம் வீசும். அது ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனத்து நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்னும் பொருளின் மணம். காசநோய்க்கு மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினை 1943-இல் தந்ததும் அவ்வினமே. அம்மருந்து வெளிவந்த ஆய்வுக்கூடத்தின் தலைவரான செல்மன் வாக்ஸ்மன் மட்கின் இயல்பையே பல்லாண்டு ஆராய்ந்தவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

அழுகும்போது நிகழ்வது வேறு. பிராணவாயு இல்லாத இடத்தில் வேறு பாக்டீரியாக்கள் தலையெடுத்து, கரிப்பொருளைப் பாதி வழியில் புளிப்பமிலங்களாக மாற்றி நிறுத்துகின்றன. அவ்வமிலங்களைப் பிற உயிர்கள் மீத்தேனாகவோ, கந்தகம் கிடைக்குமாயின் அழுகிய முட்டையின் நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிட்டோ முடித்துவைக்கின்றன. வெப்பம் குறைவு, வேகமும் குறைவு, நாற்றமோ மிகுதி.

காற்று எவ்வளவு வேண்டும்? ஒரு கிராம் சர்க்கரை முழுமையாகச் சிதைய ஒரு கிராமுக்குச் சற்று மிகுதியான பிராணவாயு தேவை. அது ஏறத்தாழ 4 லிட்டர் காற்றில் உள்ளது. நம் நாட்டு வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும் பிராணவாயு 7 அல்லது 8 மில்லிகிராமே. ஆகவே அதே ஒரு கிராம் சர்க்கரைக்கு ஏறத்தாழ 140 லிட்டர் நீரிலுள்ள பிராணவாயு முழுவதும் செலவாகிவிடும். மேலும் நீருக்குள் பிராணவாயு பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இவ்விரு எண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் கொச்சியின் குப்பைச் சிக்கலில் பாதி விளங்கிவிடும்.

ஏனெனில் கொச்சி நீரின் நகரம். மட்டாஞ்சேரி கடலுக்கும் காயலுக்கும் இடைப்பட்ட தாழ்ந்த நிலப்பகுதி. சில அடி தோண்டினாலே நீர் ஊறும். ஆண்டு மழை ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். ராமேசுவரம் கால்வாய், கல்வத்திக் கால்வாய் முதலியவற்றின் வழியே காயலின் ஓதம் ஊருக்குள் வந்துபோகிறது. இத்தகைய ஊரில் கழிவைத் தரையில் கொட்டினாலும் குழியில் புதைத்தாலும் கால்வாயில் எறிந்தாலும் அது பெரும்பாலும் நீரில் ஊறியே கிடக்கும். மட்க வேண்டியது அழுகும்.

அழுகுதலிலும் இவ்வூருக்கென ஒரு தனித்தன்மை உண்டு. கடல்நீரின் ஒவ்வொரு லிட்டரிலும் ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட் உள்ளது. பிராணவாயு தீர்ந்த சேற்றில், சல்பேட்டிலுள்ள பிராணவாயுவைப் பிரித்தெடுத்து வாழும் பாக்டீரியாக்கள் பெருகும். அவை வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடு சேற்றிலுள்ள இரும்புடன் கூடிக் கருநிறமாகிறது. உப்புநீர்க் கால்வாயின் சேறு மைபோலக் கறுத்து முட்டைநாற்றம் வீசுவதன் காரணம் இதுவே. சல்பேட் மிகுந்த இடத்தில் இவை மீத்தேன் உண்டாக்கும் உயிர்களுடன் போட்டியிட்டு வென்றுவிடும். நன்னீர்க் குளத்திலோ நிலைமை மாறுகிறது; அங்குச் சேற்றைக் கோலால் கிளறினால் எழும் குமிழிகளில் பெரும்பாலும் மீத்தேன் இருக்கும். இத்தாலியில் அலெஸ்ஸாந்த்ரோ வோல்ட்டா 1776-இல் மஜ்ஜோரே ஏரியின் கரைச்சேற்றிலிருந்து அவ்வாயுவைச் சேகரித்து எரித்துக் காட்டினார். வேம்பநாட்டுக் காயலின் முகத்துவாரப் பகுதியில் கோடையில் உப்பு மிகும். தென்மேற்குப் பருவமழையில் மேல்நீர் ஏறத்தாழ நன்னீராகிவிடும். நீரின் உப்பு மாறும்போது சேற்றில் உழைக்கும் உயிர்க்கூட்டத்தின் ஆதிக்கமும் மாறுகிறது.

அழுகுதல் எப்போதும் தீமையே என்று எண்ணிவிடுதல் கூடாது. கேரளத்தின் கயிற்றுத்தொழில் தலைமுறைகளாக அதனை நம்பியே வாழ்ந்தது. பச்சைத் தேங்காய்மட்டைகளை வலையில் கட்டியோ குழியில் அடுக்கியோ காயல்நீரில் 6 முதல் 10 மாதம் வரை மூழ்க வைப்பர். மிளகுத்தோலில் நடந்ததே இங்கும் நடக்கிறது. நாரையும் சோற்றையும் ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் முதலிய பசைகளைப் பாக்டீரியாக்கள் கரைக்கின்றன. லிக்னின் மிகுந்த நார் மட்டும் தப்பி நிற்கிறது. பின்னர் மட்டையைத் தட்டினால் பொன்னிற நார் தனியே பிரியும். சிதைப்புயிரால் சிதைக்க முடியாததே இங்கு விலைபெறும் பொருள் என்பது வேடிக்கையான உண்மை.

இதற்குக் காயல் கொடுத்த விலையும் சிறிதன்று. மட்டையிலிருந்து கசியும் பெக்டின், துவர்ப்புப் பொருள், பீனால்கள் ஆகியவற்றால் நீரின் பிராணவாயு அற்றுப்போய், ஹைட்ரஜன் சல்பைடு மிகுந்து, ஊறல் நிலங்களை அடுத்த நீரில் மீனும் சிப்பியும் அருகின. மட்டையைத் தட்டியோர், பெரும்பாலும் பெண்கள், அந்நாற்றத்திலேயே நாள் முழுதும் உழைத்தனர். இயந்திரத்தால் நார் பிரிக்கும் முறை பரவியபின் ஊறல் பெரிதும் குறைந்தது. ஆலப்புழையை அடுத்த கலவூரிலுள்ள மத்திய கயிறு ஆராய்ச்சி நிலையம், ஊறும் காலத்தைக் குறைக்கத் தேர்ந்தெடுத்த பாக்டீரியாக் கலவை ஒன்றையும் உருவாக்கியது.

நாரை எடுத்தபின் எஞ்சும் தூள் மற்றொரு சிக்கல். தென்னைநார்க் கழிவு என நாம் அழைக்கும் அத்தூள் ஆலைகளுக்கு அருகே குன்றுகளாகக் குவிந்து ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். அதில் காற்றும் உண்டு. மழையால் ஈரமும் உண்டு. பின் ஏன் மட்குவதில்லை? லிக்னின் ஒரு காரணம். நைட்ரஜன் பற்றாக்குறை மற்றொன்று. நுண்ணுயிர் தன் உடலைக் கட்டக் கரிச்சத்தும் நைட்ரஜனும் வேண்டும். மூச்சுக்குச் செலவாகும் கரியையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு பங்கு நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 25 முதல் 30 பங்கு கரி உள்ள உணவே அதற்குப் பொருத்தமானது. நார்க்கழிவிலோ ஒரு பங்குக்கு 112 பங்கு கரி. கல் இருந்தும் சாந்து இல்லாத கொத்தனின் நிலைதான் அங்குள்ள உயிர்களுக்கு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்த முறைப்படி, ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு ஈரம் காத்து வந்தால், ஏறத்தாழ ஒரு மாதத்தில் அவ்விகிதம் 24-க்கு இறங்கி, தூள் கறுத்து எருவாகிவிடும். லிக்னினைக் காளான் குலைக்கிறது. நைட்ரஜனை யூரியா தருகிறது.

மீன்கழிவின் நிலை இதற்கு நேர்மாறு. அதில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 5 பங்கு கரியே உள்ளது. தேவைக்கு மிஞ்சிய நைட்ரஜன் அம்மோனியாவாக மூக்கைத் துளைக்கும். ஈரம் மிகுதியாதலால் துளைகள் அடைபட்டுக் காற்றும் புகாது. இவ்வாறு கொச்சியைச் சூழ்ந்து, மட்க மறுக்கும் கழிவு ஒருபுறமும் கணத்தில் அழுகும் கழிவு மறுபுறமுமாக இரண்டும் தனித்தனியே தொல்லை தந்து வந்திருக்கின்றன. ஒன்றன் குறை மற்றதன் மிகை என்பதை நோக்கினால், இரண்டையும் ஓரிடத்தில் சேர்த்து வைப்பதே வழி என்பது தெளிவாகும்.

ஒரு கணக்கால் இதனைக் காட்டலாம். 10 கிலோ மீன்கழிவில் நான்கில் மூன்று பங்கு நீர் எனக் கொண்டால் உலர்பொருள் 2.5 கிலோ, அதில் கரி ஏறத்தாழ 1.1 கிலோ, நைட்ரஜன் 0.22 கிலோ. காய்ந்த இலையில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 50 பங்கு கரி எனக் கொள்வோம். 20 கிலோ இலையில் கரி ஏறத்தாழ 9 கிலோ, நைட்ரஜன் 0.18 கிலோ. இரண்டையும் கூட்டினால் கரி 10.1, நைட்ரஜன் 0.40, விகிதம் 25. அதாவது மீன்கழிவின் எடையைப்போல் இருமடங்கு காய்ந்த இலை வேண்டும். பலர் ஒரு கைப்பிடிச் சருகைத் தூவிவிட்டு நாற்றம் போகவில்லையே என்று வருந்துவதைக் காண்கிறோம். இலைக்குப் பதிலாக நார்க்கழிவைப் பயன்படுத்தினால், கரி மிகுதியாதலால் குறைந்த அளவே போதும்; ஈரத்தையும் அது நன்கு உறிஞ்சிக்கொள்ளும். கேரளத்தின் பல வீடுகளில் சமையலறைக் கழிவுத் தொட்டியில் நுண்ணுயிர் கலந்த நார்த்தூளைத் தூவுவது இக்காரணம் பற்றியே.

இவற்றைப் பிரித்தும் சேர்த்தும் கையாளாமல், எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டினால் நேர்வது என்ன என்பதைக் கொச்சி 2023-இல் கண்டது. நகரின் கிழக்கே, கடம்பிரையாற்றின் கரையிலுள்ள பிரம்மபுரத்தில் பல்லாண்டுக் கழிவு மலைபோல் கிடந்தது. உணவுக்கழிவும் பிளாஸ்டிக்கும் துணியும் அதில் பிரிக்கப்படாமல் கலந்திருந்தன. அவ்வாண்டு மார்ச் 2-ஆம் நாள் அதில் தீப்பற்றியது. தீயணைப்புப் படையினர் இரவுபகலாக முயன்றும் 12 நாள் அளவில்தான் அது அடங்கியது. நகரெங்கும் புகை சூழ்ந்தது, பள்ளிகள் மூடப்பட்டன, மக்கள் வீட்டுக்குள்ளேயே இருக்குமாறு அறிவுறுத்தப்பட்டனர். அம்மாதமே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் விதித்தது.

தீ எவ்வாறு பற்றியது என்பது வேறு. பற்றியது ஏன் அணையவில்லை என்பதே இங்கு நாம் அறிய வேண்டுவது. குவியலின் மேற்புறத்தில் சிறிது காற்று உண்டு. ஆங்கு மட்குதல் நடந்து வெப்பம் உண்டாகும். குவியல் பெரிதாதலால் அவ்வெப்பம் வெளியேற வழியில்லை. உள்ளே காற்றில்லை, உப்பங்கழியின் சல்பேட்டும் இல்லை, ஆகவே அங்கு அழுகுதல் நடந்து மீத்தேன் சேரும். காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்த மீத்தேன் தீப்பற்றக் கூடியது. பிளாஸ்டிக்கோ எந்தச் சிதைப்புயிரும் நம் காலத்துக்குள் தின்று தீர்க்காத பொருள். ஆனால் எரிவதில் எண்ணெய்க்கு இளைத்ததன்று. மேலும் பிளாஸ்டிக் உறைகள் ஓடுபோல் மூடிக்கொண்டு, இறைக்கும் நீரை உள்ளே இறங்கவிடா. அதனால் தீ மேலே அணைந்தும் அடியில் கனன்றுகொண்டே இருந்தது. இறுதியில் மண்வெட்டி இயந்திரங்களால் குவியலைக் கிளறிப் பிரித்து, ஒவ்வோர் அடுக்காக நீர் பாய்ச்சியே அதனை அணைத்தனர். எரியாவிடினும் அக்குவியல் தீங்கற்றதன்று. வெளியேறும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமிலவாயுவைப்போல் 27 மடங்குக்குக் குறையாமல் புவியை வெப்பப்படுத்துவது.

இதே நாட்டில், இதே காயலோரத்தில், அழுகுதல் தீங்கின்றி நடப்பதற்கும் சான்றுண்டு. எர்ணாகுளம் மாவட்டத்தின் பொக்காளி வயல்களில் ஜூன் முதல் அக்டோபர் வரை உப்பைத் தாங்கும் உயரமான நெல் விளைகிறது. அறுவடையின்போது கதிரை மட்டுமே கொய்வர். தாளை நீரிலேயே விட்டுவிடுவர். நவம்பரில் மதகைத் திறந்து ஓதநீரை விட, அதனுடன் இறால்குஞ்சுகளும் வரும். தாள் மெல்லச் சிதையும். அதன்மேல் படரும் நுண்ணுயிர்ப் படலத்தையும் சிதைந்த துணுக்குகளையும் இறால் உண்ணும். இறாலின் எச்சம் அடுத்த நெல்லுக்கு எருவாகும். வேற்றுரம் இடுவதில்லை. கழிவு அங்கும் நீரில்தான் கிடக்கிறது. ஆனால் அது வயலெங்கும் மெல்லிய அடுக்காகப் பரந்துள்ளது. நாளைக்கு இருமுறை ஓதம் புதுநீரைக் கொணர்கிறது. கால்வாயில் ஓரிடத்தில் அடைத்துக் கிடக்கும் கழிவுக்கு இவ்விரண்டுமே இல்லை.

நகரத்துக்கு வருவோம். இந்தூரில் 1924 முதல் 1931 வரை பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்டும் அவருடைய துணைவர் யஷ்வந்த் வாடும், தாவரக்கழிவையும் சாணத்தையும் அடுக்கி, உரிய காலங்களில் புரட்டிவிட்டு மட்கச் செய்யும் முறையை வகுத்தனர். பெங்களூரில் சி. என். ஆச்சார்யா 1939-இல் வகுத்த முறையில், நகரக்குப்பையும் மலக்கழிவும் பள்ளத்தில் அடுக்கப்பட்டு மண்ணால் மூடப்படும், புரட்டுவதில்லை. தக்காண மேட்டுநிலத்தில் பள்ளம் பொருத்தமானது. மட்டாஞ்சேரியில் பள்ளம் வெட்டினால் அது கிணறாகிவிடும். ஒரூரில் சிறந்த முறை மற்றோரூரில் பயன்படாமற் போவதற்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

கேரளத்துக்கு ஏற்றது தரைக்குமேல் அமையும் தொட்டியே. திருச்சூர் மாவட்டம் தும்பூர்முழியிலுள்ள கால்நடைப் பண்ணையில் உருவான முறை இன்று அம்மாநிலத்தில் பரவலாக வழங்குகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 4 அடியாகப் பக்கங்களில் இடைவெளி விட்டுக் கட்டிய பெட்டி அது. அடியில் 6 அங்குலச் சாணம், அதன்மேல் 6 அங்குலச் சருகு, அதன்மேல் 6 அங்குலக் கழிவு; மீண்டும் சாணம் என அடுக்குவர். சாணம் நுண்ணுயிரைத் தருகிறது. சருகு கரியையும் காற்றிடத்தையும் தருகிறது. பக்க இடைவெளிகள் வழியே காற்று புகுந்து, சூடேறி, மேலே வெளியேறுவதால் புரட்ட வேண்டுவதில்லை. மழைக்காக மேலே ஒரு கூரை வேண்டும். சில நாள்களில் உள்வெப்பம் 60 பாகையைத் தாண்டும். ஈப்புழுவும் நோய்க்கிருமிகள் பெரும்பாலானவையும் அவ்வெப்பத்தில் மடியும். நிரம்பியபின் 90 நாளில் எரு கிடைக்கும். பிளாஸ்டிக் ஒரு துண்டும் உள்ளே செல்லலாகாது. உறை ஒன்று விரிந்து கிடந்தால் அதன் கீழுள்ள அடுக்கு அழுகத் தொடங்கிவிடும்.

களப்பணியாளர் தொட்டியைத் திறந்து பாராமலே அதன் நிலையை அறியலாம். அம்மோனியா நெடி வீசினால் சருகு போதாது என்பது பொருள். முட்டைநாற்றமோ புளித்த நாற்றமோ வீசினால் காற்று போதாது, ஈரம் மிகுந்திருக்கும். நாற்றமும் இல்லை, சூடும் இல்லை என்றால் உலர்ந்துபோயிற்று, அல்லது நைட்ரஜன் குறைவு. ஓர் இரும்புக்கம்பியைக் குவியலின் நடுவில் செருகிக் கால்மணி நேரம் கழித்து எடுத்து, தொட்டுப் பார்த்தால் உள்வெப்பம் தெரியும். கைபொறாத சூடு நல்ல அறிகுறி. ஒரு பிடியை எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் நீர் அரும்ப வேண்டும், ஒழுகலாகாது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். இரண்டு கண்ணாடிச் சாடிகளை எடுத்துக்கொள்க. இரண்டிலும் ஒரே அளவு நறுக்கிய வாழைத்தோலும் கீரைத்தண்டும் ஒரு கைப்பிடித் தோட்டமண்ணும் இடுக. ஒன்றில் இருமடங்கு சருகைக் கலந்து, வாயை மெல்லிய துணியால் கட்டுக. மற்றதில் கழிவு மூழ்கும்வரை நீரூற்றி, மூடியைத் தளர்வாக வைக்க. இறுக மூடினால் உள்ளே வாயு சேர்ந்து சாடி உடையக் கூடும். கொச்சியிலும் பிற கடற்கரை ஊர்களிலும் உள்ள பள்ளிகள் மூன்றாவது சாடி ஒன்றில் நன்னீருக்குப் பதிலாகக் காயல்நீரோ கடல்நீரோ ஊற்றி வைக்கலாம். ஒவ்வொன்றிலும் ஒரு பிளாஸ்டிக் உறைத்துண்டையும் ஒரு பருத்தித்துணித் துண்டையும் போட்டுவைக்க. வாரம் ஒருமுறை மாணவர்கள் நிறத்தையும் மணத்தையும் குறித்து வரட்டும். சாடியில் மூக்கை வைத்து முகராமல், கையால் காற்றை வீசி முகர்தல் வேண்டும். ஆறு வாரம் கழித்து மூன்றையும் அருகருகே வைத்து, துணிகளை இருபுறமும் பிடித்து இழுத்து எது எளிதில் கிழிகிறது என்று பார்க்கச் சொல்க. கடல்நீர்ச் சாடியின் அடியில் கறுப்பு எப்போது தோன்றிற்று என்பதையும் நாளிட்டு எழுதச் சொல்க. அந்நாளை மழைக்காலத்தில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் எடுத்த காயல்நீரைக் கொண்டு ஒப்பிட்டால், கால்வாய்ச் சேற்றைப் பற்றி மேலே கூறியதை மாணவரே சரிபார்த்துக்கொள்வர்.